லோக்கல்ஹோஸ்ட் தாண்டி வருவாயா!

ஒரே ஒரு கேள்வி. நெஞ்சைத் தொட்டு பதில் சொல்லுங்க. போன செமஸ்டர்ல ராத்திரி பகலா கண்ணு முழிச்சு, நாலு பேர் டீமா சேர்ந்து ஒரு ஜாவா ப்ராஜெக்ட் செஞ்சீங்களே... அது இப்போ எங்கே ஓடிக்கிட்டு இருக்கு?

'என் லேப்டாப்லதான்'னு சொல்றவங்க இந்தப் பக்கம் நில்லுங்க. 'டீம்ல இன்னொருத்தன்கிட்ட இருந்துச்சு, அவன் ஃபார்மேட் பண்ணிட்டான்'னு சொல்றவங்க அந்தப் பக்கம். 'பைண்டிங் போட்டு ஹெச்.ஓ.டி. ரூம் பீரோவுல பத்திரமா தூங்குது'ன்னு சொல்றவங்க நடுவுல. 'ப்ராஜெக்டா? அது ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கினது, அங்கேயே கேட்டுக்கங்க'ன்னு சொல்றவங்க... தயவுசெஞ்சு பெஞ்ச் மேல ஏறுங்க!

வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் முன்னால பதினைஞ்சு நிமிஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறதுக்குப் பேர் ஓட்டம் இல்லீங்க. நீங்க தூங்கும்போதும், ஊருக்குப் போயிருக்கும்போதும், யாரோ ஒருத்தர் தட்டினா எழுந்து பதில் சொல்லணும். அதுதான் ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு நடுவுல நிக்கிற ஆசாமி பேருதான் சர்வர். (சாம்பார் ஊத்துறவர் இல்ல. ஆனா வேலை கிட்டத்தட்ட அதேதான். கேட்டதைக் கொண்டு வந்து வைக்கணும்!)

பாத்ரூம் பாடகர்கள் சங்கம்

ப்ரௌசர்ல லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சு, கோலன் போட்டு, 8080-னு தட்டினதும் நம்ம பக்கம் வந்து நிக்கும் பாருங்க... அடடா, சாதிச்சுட்டோம்னு ஒரு ஃபீலிங்! ஆனா லோக்கல்ஹோஸ்ட்ங்கிறது 127.0.0.1 என்ற முகவரிக்கு வெச்ச செல்லப் பேர். எந்த மெஷின்ல உட்கார்ந்து அடிக்கிறீங்களோ, அந்த மெஷினையேதான் அது குறிக்கும். உங்க ஃபிரெண்ட் அவன் லேப்டாப்ல அதையே அடிச்சா, அவன் மெஷின் அவனையே தட்டிக் கூப்பிடும். அவ்வளவுதான். பாத்ரூம்ல நாம எல்லாரும் எஸ்.பி.பி.தான். கேட்க ஒரே ஒரு ஆள், அதுவும் நாமதான்.

எங்க டீமும் ரொம்ப நாள் பாத்ரூம்லதான் பாடிக்கிட்டு இருந்தோம். நாங்க செஞ்சது ஒரு ரத்த தானப் பட்டியல். எங்க காலேஜ் என்.எஸ்.எஸ்.ல ஒரு நீள நோட்டு உண்டு. பேர், ரத்த வகை, ஹாஸ்டல் ரூம், போன் நம்பர் எல்லாம் கையால எழுதியிருக்கும். அதை அப்படியே ஜாவாவுக்குக் கொண்டு வந்தோம். கடைசியா எப்போ ரத்தம் கொடுத்தாங்கன்னு போட்டா, மறுபடி கொடுக்கலாமா கூடாதான்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேணும். மினி ப்ராஜெக்ட்ல நல்ல மார்க். கைதட்டல். டீ, சமோசா. சுபம்னு நினைச்சோம்.

தீபாவளி லீவுக்கு எல்லாரும் கிளம்பின அன்னிக்கு ராத்திரி பத்தரை மணி. பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னு ஹாஸ்டலுக்குப் போன். பட்டியல் இருந்த லேப்டாப்பும் அதோட சொந்தக்காரனும் தேனி பஸ்ல தூங்கிக்கிட்டு இருந்தாங்க. பேட்டரியும் காலி. கடைசியில காப்பாத்தினது அந்தப் பழைய நீள நோட்டுதான். வார்டன் மேடம் டார்ச் அடிக்க, நாங்க பதினாலு நம்பருக்குப் போன் போட்டோம். ரெண்டு நம்பர் உபயோகத்துலயே இல்ல. ஒருவழியா லீவுக்கு ஊருக்குப் போகாத ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் கிளம்பிப் போனார்.

நல்ல மார்க் வாங்கின சாஃப்ட்வேரை ஒரு கோடு போட்ட நோட்டு ஜெயிச்சிடுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். நோட்டு எல்லாருக்கும் எட்டுற இடத்துல இருந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணினோம். எங்க நாலு பேர்ல யாருமே பக்கத்துல இல்லாதபோதும் ஓடுற ஒரு மெஷின்ல இதைப் போடணும்.

கடுவன் பூனைக்குப் பேர் வெச்ச கதை

ஜாவாவில எழுதின வெப் அப்ளிகேஷனை சும்மா டபுள் க்ளிக் பண்ணி ஓட்ட முடியாது. ப்ரௌசர்லேருந்து வர்ற கோரிக்கையை வாங்கி, உங்க சர்வ்லெட்கிட்ட கொடுத்து, அது சொல்ற பதிலைத் திருப்பி அனுப்ப ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் டாம்கேட். ஜே.எஸ்.பி. பக்கம் எழுதினா, அதை சர்வ்லெட்டா மாத்தி கம்பைல் பண்றதும் இவரேதான். முதல் தடவை ஒரு பக்கம் திறக்கும்போது கொஞ்சம் இழுக்குதே, ஏன்னு இப்போ புரியுதா?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பார்த்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் ஆரம்பிச்சு வெச்சது இது. 1999-ல சன் நிறுவனம் இதை அப்பாச்சி அமைப்புக்குத் தானமா கொடுத்தது. பேர் வந்த கதைதான் செம! ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கெல்லாம் ஓ'ரெய்லி பதிப்பகம் அட்டையில ஒரு மிருகம் படம் போட்டு புத்தகம் போடும். தன்னோடதுக்கும் ஒருநாள் புத்தகம் வரும்னு நம்பின மனுஷர், தன்னைத் தானே பார்த்துக்கிற மிருகமா இருக்கட்டும்னு கடுவன் பூனையோட பேரை வெச்சார். 2003-ல ஓ'ரெய்லி புத்தகமும் வந்துச்சு. அட்டையில இருந்தது என்ன தெரியுமா? பனிச்சிறுத்தை! பூனைக் குடும்பம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்.

விலை? சைபர். அஞ்சு பைசா கிடையாது. மெஷின்? எங்க லேப் அண்ணன்கிட்ட போய் நின்னோம். மூலையில தூசி தட்டாம கிடந்த நாலு ஜி.பி. ராம் டெஸ்க்டாப்பைக் காட்டினார். "ஏம்மா, இது ஸ்க்ராப்புக்குப் போகவேண்டியது. ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கிட்டு வந்து எடுத்துக்கங்க. ஆனா யு.பி.எஸ். லைன்ல மட்டும் சொருகக் கூடாது, சொல்லிட்டேன்!" எங்களை மாதிரி சின்ன ப்ராஜெக்டுக்கு அந்த மெஷினே தாராளம். அந்த யு.பி.எஸ். மேட்டரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில வருது.

புத்தகம் ஒண்ணு, பூனை ஒண்ணு

இறக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம். எந்த வெர்ஷன்? 'இருக்கறதுலேயே புதுசு'ன்னு கண்ணை மூடிக்கிட்டு இறக்கினா, லைப்ரரி புத்தகத்தைப் பார்த்து எழுதின ப்ரோக்ராம் ஒண்ணுகூட ஓடாது. காரணம் ஒரே ஒரு வார்த்தை.

பழைய புத்தகங்கள்ல இம்போர்ட் வரியெல்லாம் 'ஜாவாஎக்ஸ்'னு ஆரம்பிக்கும். சன் நிறுவனத்தை வாங்கின ஆரக்கிள், 2017-ல ஜாவா ஈ.ஈ.யை எக்லிப்ஸ் அமைப்பின் கையில கொடுக்கறதா அறிவிச்சது. 2018-ல அதுக்கு 'ஜகார்த்தா ஈ.ஈ.'ன்னு புதுப் பேர். ஆனா 'ஜாவா'ங்கிற பேர் ஆரக்கிளோட டிரேட்மார்க். 'ஜாவாஎக்ஸ்' பேரை வெச்சுக்கிட்டே புதுசா எதையும் மாத்த அனுமதி கிடைக்கல. அதனால 2020-ல வந்த ஜகார்த்தா ஈ.ஈ. 9-ல எல்லாத்தையும் 'ஜகார்த்தா'ன்னு மாத்திட்டாங்க. அப்பா பேரை மாத்தினா இனிஷியல் மாறும் இல்லையா, அது மாதிரி.

இதை அப்படியே சுவத்துல ஒட்டி வெச்சுக்கங்க. டாம்கேட் 9 வரைக்கும் ஜாவாஎக்ஸ். 10-லேருந்து ஜகார்த்தா. 9-க்கு ஜாவா 8 இருந்தா போதும். 10.1-க்கு குறைஞ்சது 11. டாம்கேட் 11-க்கு ஜாவா 17. பழைய ப்ரோக்ராமைப் புது டாம்கேட்ல போட்டே ஆகணும்னா அதுக்கும் வழி இருக்கு. 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ'ன்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதுல போடுங்க. டாம்கேட்டே புதுப் பேருக்கு மாத்தி எடுத்துக்கும்.

சீட்டுல துண்டு போட்டது யாரு?

முதல்ல உங்க லேப்டாப்லயே ஒரு ஒத்திகை. ஜிப்பைப் பிரிச்சு, 'பின்' ஃபோல்டர்ல இருக்கிற ஸ்டார்ட்அப் ஃபைலைத் தட்டுறீங்க. கறுப்பா ஒரு விண்டோ வந்து, கண் சிமிட்டுற நேரத்துல காணாமப் போகுது. பயப்படாதீங்க. ஜாவா எந்த வீட்டுல குடியிருக்குன்னு டாம்கேட்டுக்கு அட்ரஸ் தெரியல. 'ஜாவா ஹோம்' என்ற என்விரான்மென்ட் வேரியபிள்ல ஜே.டி.கே. இருக்கிற ஃபோல்டர் பாதையைக் கொடுங்க. ஒண்ணு கவனிங்க. உள்ளே இருக்கிற 'பின்' வரைக்கும் போகக் கூடாது. வீட்டு வாசலைத்தான் சொல்லணும், சமையலறையை இல்ல.

அடுத்த சிக்கல்: 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. இது நம்ம ஊர் பஸ் பிரச்னைதாங்க. ஜன்னல் வழியா துண்டு போட்டு யாரோ சீட் பிடிச்சுட்டாங்க. 8080-ங்கிற போர்ட்ல டாம்கேட்டுக்கு முன்னாலயே வேற ஒரு ப்ரோக்ராம் உட்கார்ந்திருக்கு. நிறைய காலேஜ் லேப்ல டி.பி.எம்.எஸ். பேப்பருக்காக ஆரக்கிள் எக்ஸ்.ஈ. 10ஜி அல்லது 11ஜி போட்டிருப்பாங்க. அதுவும் 8080-லதான் உட்காரும். 'நெட்ஸ்டாட்' கட்டளை கொடுத்தா துண்டு போட்டது யாருன்னு தெரியும். 'கான்ஃப்' ஃபோல்டர்ல இருக்கிற சர்வர் எக்ஸ்.எம்.எல். ஃபைல்ல 8080-ஐ 8081-னு மாத்திட்டு, சண்டை போடாம அடுத்த சீட்டுல உட்காருங்க.

பூனை எழுந்தாச்சா? இப்போ உங்க ப்ராஜெக்ட். வார் ஃபைல்னதும் சண்டைன்னு நினைக்காதீங்க. வெப் அப்ளிகேஷன் ஆர்க்கைவ் என்பதோட சுருக்கம், உள்ளுக்குள்ள சாதாரண ஜிப்தான். டிஃபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்குல ஜே.எஸ்.பி., படங்கள். இன்னொரு அடுக்குல 'வெப்-இன்ஃப்' ஃபோல்டர். அதுக்குள்ள கம்பைல் பண்ணின கிளாஸ்கள், ஜார் ஃபைல்கள், வெப் எக்ஸ்.எம்.எல். இந்த வெப்-இன்ஃப் இருக்கே, ஹோட்டல் சமையல்கட்டு மாதிரி. வெளியிலேருந்து யார் முகவரி அடிச்சாலும் டாம்கேட் உள்ளே விடாது. இந்தக் கேரியரை 'வெப்ஆப்ஸ்' ஃபோல்டர்ல வெச்சா போதும், டாம்கேட்டே பிரிச்சுப் பரிமாறும்.

என் மெஷின்ல ஓடுச்சே!

இனிமேதான் கச்சேரி. பழைய டெஸ்க்டாப்ல உபுண்டு போட்டோம். லேப்டாப்ல சமத்தா ஓடின அதே கேரியர், இங்கே வந்ததும் 404, 500-னு லாட்டரி நம்பர் மாதிரி அடிக்க ஆரம்பிச்சுச்சு. உங்களுக்கும் அடிக்கும். சந்தேகமே வேண்டாம்.

விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பெருசில்ல. லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல். லிங்க்ல சின்ன எழுத்து, ஃபைல் பேர்ல கேப்பிட்டல்னா 404-தான். கோடுக்குள்ள 'சி டிரைவ்'னு பாதை எழுதியிருந்தா, லினக்ஸ்ல சி-யும் கிடையாது, டி-யும் கிடையாது. மைஎஸ்க்யூஎல் டிரைவர் ஜார் உங்க எக்லிப்ஸ்ல மட்டும் இருந்து, வார் ஃபைலுக்குள்ள போகலைன்னா 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்'. வெப்-இன்ஃபுக்குள்ள இருக்கிற 'லிப்' ஃபோல்டர்ல அது இருக்கான்னு ஜிப்பைப் பிரிச்சே பாருங்க.

அப்புறம் நம்ம தமிழ்! பேரைத் தமிழ்ல டைப் பண்ணினா வரிசையா கேள்விக்குறியா வந்து நிக்கும். பேர் கேட்டா நம்மளையே திருப்பிக் கேள்வி கேட்கும். மூணு இடத்துல யு.டி.எஃப்-8 சொல்லணும். ஜே.எஸ்.பி. பக்கத்தோட தலைப்புல ஒண்ணு. ஃபார்ம் டேட்டாவைப் படிக்கறதுக்கு முன்னால சர்வ்லெட்ல ஒண்ணு. டேட்டாபேஸ் டேபிள்ல ஒண்ணு. மைஎஸ்க்யூஎல் 8.0 வர்ற வரைக்கும், அதாவது 2018 வரைக்கும், தானா அமைஞ்சிருந்தது லத்தீன் எழுத்து முறை. பழைய மெஷின்ல பழைய டேட்டாபேஸ் இருந்தா இதை முதல்ல பாருங்க. இந்த மூணுல ஒண்ணு விட்டாலும் தமிழ் கேள்விக்குறிதான்.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 'லாக்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல கேட்டலினாங்கிற பேர்ல ஆரம்பிக்கிற ஃபைல்கள். அதான் டாம்கேட்டோட டைரி. அடுத்தவங்க டைரியைப் படிக்கலாமா? இதை மட்டும் தாராளமா படிக்கலாம். அறுபது வரிக்கு எர்ரர் கொட்டியிருக்கும். பாதிக்கு மேல டாம்கேட்டோட சொந்தப் புலம்பல். நீங்க தேட வேண்டியது ரெண்டே விஷயம். கடைசியா வர்ற 'காஸ்டு பை' வரி. அதுக்குக் கீழே உங்க பேக்கேஜ் பேர் முதல்ல எங்கே வருதுங்கிறது. நோய் அங்கேதான் இருக்கும்.

'இப்பல்லாம் ஏ.ஐ.கிட்ட எர்ரரைக் காப்பி பண்ணிப் போட்டா சொல்லிடுமே'ன்னு கேட்பீங்க. சொல்லும். ஆனா எந்த ஃபைல்ல எந்த வரியைக் காப்பி பண்ணணும்னு உங்களுக்குத் தெரியணுமே! டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் வலி எங்கேன்னு நாமதான் காட்டணும்.

எட்டு மணி நேர மர்மம்

எல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகு ஒரு பேய் வந்துச்சு. ராத்திரி வரைக்கும் ஜம்முனு ஓடும். காலையில முதல் ஆள் திறந்தா எர்ரர். ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகிடும். மறுநாள் காலையில மறுபடி எர்ரர். சினிமாவா இருந்தா எலுமிச்சம்பழம் வெட்டியிருப்போம்.

பேயோட பேர் 28,800. மைஎஸ்க்யூஎல் ஒரு கனெக்ஷன் இவ்வளவு விநாடி சும்மா இருந்தா, 'இவங்க போயிட்டாங்க போல'ன்னு தானே கதவைச் சாத்திடும். கணக்குப் போட்டா சரியா எட்டு மணி நேரம். ராத்திரி யாரும் பட்டியலைத் திறக்கலைன்னா, விடியறதுக்குள்ள கதவு மூடிடும். ஆனா ஜாவா பக்கம் கனெக்ஷன் இன்னும் இருக்குன்னே நினைச்சுக்கிட்டு இருக்கும். பதினைஞ்சு நிமிஷ டெமோவுல இது தெரியவே தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க ஓடினாதான் இந்தப் பேயைப் பார்க்க முடியும்.

மருந்து என்னன்னா, ஒரே கனெக்ஷனைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காராம, டாம்கேட்டோடவே வர்ற கனெக்ஷன் பூலைப் பயன்படுத்தணும். ஒவ்வொரு தடவையும் கனெக்ஷனைக் கொடுக்கறதுக்கு முன்னால 'செலக்ட் 1'னு ஒரு சின்னக் கேள்வி கேட்டு, உயிரோட இருக்கான்னு பார்த்துக் கொடுக்கச் சொல்லி அமைக்கலாம். டீக்கடைக்குப் போறதுக்கு முன்னால 'கடை திறந்திருக்கா அண்ணே'ன்னு ஒரு போன் போடுற மாதிரி.

"அக்கா, என் நம்பர்?"

கேம்பஸ் நெட்வொர்க்ல இணைக்க வேண்டிய நேரம் வந்துச்சு. ரெண்டு விஷயம் செய்யணும். ஃபயர்வால்ல அந்தப் போர்ட்டைத் திறந்துவிடணும். மெஷினுக்கு ஒரு நிலையான ஐ.பி. முகவரி வாங்கணும். இல்லைன்னா நேத்து இருந்த முகவரி இன்னிக்கு மாறிடும், வாடகை வீட்டுக்காரங்க மாதிரி.

எல்லாரையும் பேர் பதிய வெச்சுக்கிட்டு இருந்தப்போ, ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி ஃபார்மைக் கையில வெச்சுக்கிட்டே நின்னா. எழுதல. "அக்கா, இதுல என் நம்பரை யாரெல்லாம் பார்க்க முடியும்?"

எந்த வைவாவிலயும் வராத கேள்விங்க அது. ஆனா ஒரு எக்ஸ்டர்னல் கேட்டிருந்தா சமாளிச்சிருக்கலாம். இவகிட்ட சமாளிக்க முடியாது. ஏன்னா நம்பர் அவளோடது. ராத்திரி தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா எடுக்கப்போறது அவ. அந்த ஒரு கேள்விக்காக பாதி செட்டப்பை மாத்தினோம்.

பட்டியல்ல போன் நம்பரைக் காட்டறதை நிறுத்தினோம். எந்த வகை ரத்தம் எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு மட்டும் தெரியும். லாகின் பண்ணின ரெண்டு என்.எஸ்.எஸ். மாணவர் பொறுப்பாளர்கள்தான் நம்பரைப் பார்த்துப் போன் பண்ணுவாங்க. கேம்பஸுக்கு வெளியே இருந்து திறக்க முடியாத மாதிரி உள் நெட்வொர்க்லயே நிறுத்தினோம். நெட்வொர்க் பார்க்கிற சார்கிட்ட கெஞ்சி, உள் முகவரிக்கு ஒரு சான்றிதழ் வாங்கி, முன்னால என்ஜின்எக்ஸ் வெச்சு ஹெச்.டி.டி.பி.எஸ். ஆக்கினோம். இல்லைன்னா வைஃபைல லாகின் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டு மாதிரி திறந்தபடியே போகும். பொது இணையத்துல சொந்த டொமைன் வெச்சுப் போடுறவங்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இந்தச் சான்றிதழை இலவசமாவே தருது.

நீங்களும் இதெல்லாம் செய்யுங்க. டாம்கேட்டை ரூட் யூசர்ல ஓட்டாதீங்க, அதுக்குன்னு தனியா ஒரு யூசர் உருவாக்குங்க. மேனேஜர் பக்கத்துக்கு டாம்கேட் தானா எந்தப் பாஸ்வேர்டும் வெச்சு அனுப்பறதில்ல. நாமதான் அட்மின், அட்மின்னு வெச்சு வாசல் கதவுலயே சாவியைத் தொங்கவிடுறோம். தேவையில்லைன்னா மேனேஜர், எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டர்களைத் தூக்கிடுங்க. டேட்டாபேஸுக்கும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காம, அந்த ஒரு டேட்டாபேஸை மட்டும் தொட முடியிற யூசரைக் கொடுங்க. அப்டேட்டையும் விடாதீங்க. 2020-ல 'கோஸ்ட்கேட்'னு ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. நாம கேள்விகூடப் படாத 8009-ங்கிற போர்ட் வழியா, சமையல்கட்டுன்னு சொன்னோமே வெப்-இன்ஃப், அதுக்குள்ள இருக்கிற ஃபைலையே வெளியாள் படிக்க முடிஞ்சது. அதுக்கப்புறம் வந்த வெர்ஷன்கள்ல அந்தக் கதவை மூடியே அனுப்பறாங்க.

ஒரு வாரம் கழிச்சு, எதையெல்லாம் மாத்தினோம்னு அந்தப் பொண்ணுகிட்ட உட்கார்ந்து காட்டினோம். ரெண்டு கேள்வி கேட்டா. அப்புறம் ஃபார்மை வாங்கி எழுதினா. பி பாசிட்டிவ்.

கரன்ட் போனா?

யு.பி.எஸ். மேட்டர் ஞாபகம் இருக்கா? மாசாந்திர பராமரிப்புன்னு கரன்ட் போச்சு. மெஷின் படுத்துடுச்சு. சாயங்காலம் கரன்ட் வந்துச்சு, மெஷின் எழுந்திருக்கல. யாராவது ஓடிப்போய் பட்டனை அமுக்கணும்னா, அது மறுபடியும் தேனி பஸ் கதைதான்.

பயாஸ்ல 'கரன்ட் வந்ததும் தானே ஆன் ஆகு'ன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போடுங்க. அடுத்து, லினக்ஸ்ல சிஸ்டம்-டி கிட்ட டாம்கேட்டை ஒரு சர்வீஸா பதிவு பண்ணி 'எனேபிள்' கொடுங்க. மெஷின் எழுந்ததும் முதல்ல மைஎஸ்க்யூஎல், பின்னாலயே டாம்கேட்னு வரிசையா எழுந்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டேட்டாபேஸோட நகல் எடுத்து வேற மெஷினுக்கு அனுப்ப க்ரான்ல ஒரு வரி எழுதுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பி நூத்துக்கணக்கான பேரை ஒப்படைக்கக் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகிப் பாருங்க. ஒரு கட்டளைகூட அடிக்காம பக்கம் திறந்தா, அப்போ அது சர்வர்!

இன்னொரு டைரி ஃபைலைப் பத்திச் சொல்லணும். யாரெல்லாம் வந்து பார்த்தாங்கன்னு டாம்கேட் குறிச்சு வைக்கும். அந்த ஃபைலோட பேரே 'லோக்கல்ஹோஸ்ட் ஆக்சஸ் லாக்'தான். முதல் சில நாள் அதுல எங்க முகவரிகள் மட்டும்தான். ஒருநாள் காலையில சும்மா திறந்து பார்த்தா, முந்தின ராத்திரி 11.47-க்கு எங்களுக்குத் தெரியாத ஒரு முகவரி. ஏ நெகட்டிவ் இருக்கான்னு தேடியிருக்காங்க. நாலு பேரும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கிட்டு நின்னோம். எங்க நாலு பேருக்கும் அந்த நேரத்துல தூக்கம். ப்ராஜெக்ட் மட்டும் முழிச்சிருந்திருக்கு!

நீள நோட்டு இப்பவும் என்.எஸ்.எஸ். ரூம்ல இருக்கு. தூக்கிப் போடல. மாசம் ஒரு தடவை பட்டியலை ப்ரின்ட் எடுத்து அதுல ஒட்டுறோம். நோட்டை மதிக்கக் கத்துக்கிட்டோம் இல்லையா!

ப்ளேஸ்மென்ட் ஆகிப் போன சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க: "இன்டர்வியூல ப்ராஜெக்ட் பேரைச் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. அது காலையில ஏன் செத்துப்போச்சு, எப்படி எழுப்பினேன்னு சொல்லிப் பாரு, நிமிர்ந்து உட்காருவாங்க." காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட்ல பைண்டிங் கிடைக்கும், பி.பி.டி. கிடைக்கும். இந்தக் கதை மட்டும் கிடைக்காது.

அதனால இந்த வாரக் கடைசிக்கு ஒரு ஹோம் வொர்க். பீரோவுல தூங்குற உங்க ப்ராஜெக்டை எழுப்புங்க. டிபார்ட்மென்ட்ல தூசி படிஞ்ச ஒரு மெஷினை, முறையா அனுமதி கேட்டு வாங்குங்க. பூனையை ஏத்துங்க. முகவரியை ஃபிரெண்டோட போனுக்கு அனுப்பி, "திறந்து பாரு மச்சி"ன்னு சொல்லுங்க.

"ஓப்பன் ஆகலடா"ன்னு பதில் வரும். நல்லது. லாக் ஃபைலைத் திறங்க, கடைசி 'காஸ்டு பை' எங்கேன்னு தேடுங்க!